ஒழுங்கைகளின் வால்களை முடிதல்: எழுவான்கரைக் கிராமமொன்றுக்கு நடைவழியும் சயிக்கிள் வழியும் வகுப்பது எப்படி

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கமாக நீளும் எழுவான்கரை, கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய நாடாவாகக் கிடக்கிறது. அதன் முதுகெலும்பாக ஏ4 வீதி ஓடுகிறது. ஒழுங்கைகள் அதிலிருந்து இரு பக்கமும் பிரிந்து, சில கடலை நோக்கியும் சில வாவியை நோக்கியும் போய் முடிகின்றன. இந்த அமைப்பினால், பக்கத்து ஒழுங்கையிலுள்ள பாடசாலைக்குப் போகிற பிள்ளைகூட முதலில் பிரதான வீதிக்கு ஏறி, பஸ்ஸுக்கும் கன்டர் லொறிக்கும் ஓரமாக இருநூறு முந்நூறு மீற்றர் போய், மறுபடியும் ஒழுங்கைக்குள் இறங்கவேண்டியிருக்கிறது. எனவே இக்கரையில் நடப்போருக்கும் சயிக்கிளோடுவோருக்கும் வழி வகுக்கிற வேலையில் முக்காற்பங்கு, ஒழுங்கைகளின் வால்களை, அதாவது வீதிக்கு எட்ட இருக்கும் முனைகளை, பிரதான வீதிக்குச் சமாந்தரமாக ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு இணைத்துவிடுகிற வேலைதான்.

கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ மாதர் சங்கத்திலோ விளையாட்டுக் கழகத்திலோ இருந்துகொண்டு முதன்முறையாக இதில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை. ஓர் அளவுநாடா, அச்சிட்ட வரைபடம், பென்சில், சலிக்காமல் நடக்கக்கூடிய நாலைந்து பேர், ஒரு மாரிகாலம் கடக்கும்வரை பொறுத்திருக்கிற மனம் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம்.

எல்லையும் ஆட்களும்

சாதாரணமாக நடப்பவர் மணிக்கு நாலரை முதல் 5 கிலோமீற்றர் வரை போவார். மணல் ஒழுங்கையில் அதுவும் குறையும். ஆகவே அரை மணித்தியால நடைக்குள் அடங்கும் 2 கிலோமீற்றர் நீளத்தை முதல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பிரதேச செயலகப் பிரிவையும் ஒரேயடியாக வரைய முற்பட்ட முயற்சிகள் தாளில் அழகாக இருக்கும், தரையில் ஒரு மதகுகூடத் திருந்தியிருக்காது.

குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கும். மோட்டார் சயிக்கிளில் திரிகிற நடுவயது ஆண்கள் மட்டும் கூடியிருந்தால், அவர்கள் வகுப்பது மோட்டார் சயிக்கிள் வழியாகவே வந்து முடியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவரவர் கண்ணுக்கு அவரவர் வழிதான் தெரியும். சயிக்கிளில் பாடசாலை செல்லும் மாணவி ஒருவர், பாலர் பாடசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் தாய் ஒருவர், விடியற்காலையில் மீன் கொண்டுபோகிறவர் ஒருவர், ஊன்றுகோலுடன் நடக்கும் முதியவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். கிராம உத்தியோகத்தருக்கு முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள். பிறகு சொன்னால், "இதை ஏன் முன்னமே சொல்லவில்லை" என்ற கேள்விக்குப் பதில் தேடுவதிலேயே ஒரு மாதம் போய்விடும்.

எண்ணுதல்

வழிகளை வரைவதற்கு முன்னர் ஆட்களை எண்ணவேண்டும். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிவதால், காலை 6.30 முதல் 7.45 வரையும் பகல் 1.15 முதல் 2.15 வரையும் மாலை 4.30 முதல் இருட்டும் வரையும் ஒழுங்கை வாயில் ஒருவர் கொப்பியுடன் உட்கார்ந்தால் போதும். நடந்து போகிற பிள்ளை, சயிக்கிளில் போகிற பிள்ளை, சுமையுடன் பெண், முதியவர், சயிக்கிளில் பெரியவர் என ஐந்து நிரல்கள் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு கீறுங்கள். எந்த ஒழுங்கையிலிருந்து வந்து எதற்குள் இறங்கினார்கள் என்பதையும் முடிந்தவரை குறியுங்கள்.

ஒரு நாள் கணக்குப் போதாது. சந்தை கூடும் நாளும் கூடாத நாளும் வேறுபடும். முஸ்லிம் ஊர்களில் வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்குப் போகிற கூட்டமும், தமிழ்க் கிராமங்களில் வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும் நாட்களின் இரவு நடமாட்டமும், ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் போகிறவர்களும் சாதாரண நாட்களின் கணக்கில் வரமாட்டார்கள். அந்நாட்களுக்கெனத் தனியே வழி வகுக்க வேண்டியதில்லை. வகுக்கிற வழியை அந்நாட்களில் பந்தலும் கடைகளும் அடைத்துவிடுமா என்று தெரிந்தால் போதும்.

வரைபடமும் அதன் பொய்யும்

கைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் ஸ்ட்ரீட் மப் போன்ற வரைபடத்தை உங்கள் எல்லைக்குள் பெரிதாக்கி, பெரிய தாளில் நாலைந்து பிரதிகள் அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஒழுங்கைகளுக்கு அரச பெயர் என்ன என்பதைவிட, ஊரார் எப்படி அழைக்கிறார்கள் என்பதை எழுதுவது முக்கியம். "பழைய சங்கக்கடை ஒழுங்கை" என்றால் எல்லோருக்கும் விளங்கும். "3ஆம் குறுக்கு" என்றால், எந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது என்று ஒரு வாக்குவாதம் நடக்கும்.

செய்மதிப் படத்தைக் கண்டு மயங்கவேண்டாம். நாங்கள் முதன்முறை வரைந்தபோது, வாவிக்கரையோரமாக வெண்மணற்கோடு ஒன்று படத்தில் துலக்கமாகத் தெரிந்தது. ஆறு ஒழுங்கைகளின் வால்களையும் அது தொட்டுச் சென்றது. ஆகஸ்டில் போய் நடந்தும் பார்த்தோம். உலர்ந்து இறுகிய தரை, சயிக்கிள் விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். இதுதான் வழி என்று கூட்டத்தில் அறிவித்தும்விட்டோம். டிசம்பரில் அதே இடத்தில் முழங்காலளவு நீர் நின்றது, நாங்கள் குறித்துவைத்த திருப்பத்தில் ஒருவர் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவருக்கு இது முன்னமே தெரியும். நாங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

தடம் வாசித்தல்

இனி நடக்கவேண்டும். அதிகாலையில், முதல் ஆட்கள் போய் முடிந்து வெயில் ஏறுவதற்குள் போனால், மணல் ஒழுங்கை ஒரு பதிவேடு போல வாசிக்கக் கிடக்கும். சயிக்கிள் தடம் நேராக ஒரே கோடாக ஓடினால், ஓட்டியவருக்கு அங்கே சிரமமில்லை. தடம் பாம்பு போல வளையத் தொடங்கினால், மணல் இளகிக் கைபிடி ஆடுகிறது. தடத்துக்குப் பக்கத்தில் திடீரென்று செருப்படித் தடம் தொடங்கினால், அந்த இடத்தில் ஆள் இறங்கித் தள்ளியிருக்கிறார். அச்செருப்படி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அளவுநாடாவால் அளந்து எழுதுங்கள்.

மீன் பெட்டி கட்டிய சயிக்கிளின் தடத்தை நான் ஒரு முறை மூன்று நாட்கள் இப்படித் தொடர்ந்து போனேன். பின்சில்லு ஆழமாகப் பதிந்த தடம், பூவரச வேலியோரம் இறுகிய தரையில் இருபது முப்பது அடி ஒட்டிக்கொண்டு வந்து, மின்கம்பத்தடியில் வேலி வெளித்தள்ளியிருந்த இடத்தில் வேறு வழியின்றி நடு மணலுக்கு இறங்கியது. அங்கிருந்து செருப்படி; 14 மீற்றர் தள்ளல். மூன்று நாட்களும் அதே இடம், அதே 14 மீற்றர். ஒழுங்கை முழுவதற்கும் கொங்கிறீற்றுப் போடவேண்டும் என்று சங்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த 14 மீற்றருக்குக் கிறவல் கொட்டி இறுக்கினாலே அவருக்கும், அதே வழியாகப் போகிற பிள்ளைகளுக்கும் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதைத் தடம்தான் காட்டிக்கொடுத்தது.

வேலிகளிலும் இப்படியான சாட்சிகள் உண்டு. வளவு ஒன்றின் மூலையில் வேலி நெகிழ்ந்து, கடப்புப் போல ஆகி, கீழே மண் மினுமினுத்துத் தேய்ந்திருந்தால், இரண்டு ஒழுங்கைகளை ஊரார் ஏற்கெனவே அவ்விடத்தில் முடிந்துவைத்திருக்கிறார்கள். அத்தகைய இடங்களைச் சிவப்புப் பென்சிலால் குறியுங்கள். உங்கள் சமாந்தர வழியின் முடிச்சுகள் அவைதான். ஆனால் அது ஒருவருடைய உறுதிக்காணி என்பதையும் மறவாதீர்கள். வளவுக்காரர் பெருந்தன்மையால் விட்டிருக்கும் கடப்பை வரைபடத்தில் "பொது வழி" என்று எழுதிக் காட்டினால், அடுத்த கிழமை அங்கே மதில் எழும்பும். தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, முதலில் அவர் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். நாலடி அகலமும் வேலியைச் சங்கமே கட்டித்தரும் என்ற வாக்கும் போதுமென்றால், பலர் சம்மதிக்கிறார்கள். இருபதடி வீதி என்று பேச்சு எழுந்தால் ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள். அவர் சம்மதித்தால் கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அந்தக் காணி சீதனமாகக் கைமாறும் நாளில் வாய்ச்சொல் நிற்காது.

ஒவ்வொரு ஒழுங்கையையும் மூன்று முறை நடக்கவேண்டும்: காலையில் ஒரு முறை, இருட்டிய பின்னர் ஒரு முறை, சக்கர நாற்காலியோ குழந்தையின் தள்ளுவண்டியோ தள்ளிக்கொண்டு ஒரு முறை. இரவு நடையில் பெண்கள் எந்த இடத்தில் நடையை விரைவுபடுத்துகிறார்கள் என்று பாருங்கள். ஏனென்று கேட்டால், மின்குமிழ் எரியாத கம்பம், ஆளில்லாத வளவு, கட்டாமல் விட்ட நாய் என ஏதாவது ஒன்று வெளிவரும். மூன்றாவது நடையில், வடிகான் மூடிகளுக்கிடையிலான வெடிப்பு உங்களை நிறுத்தும். வடிகானுக்குக் கம்பி மூடி போடுவதானால், கம்பிகள் சில்லின் திசைக்குக் குறுக்காக இருக்கவேண்டும். நெடுக்காக இருந்தால் சயிக்கிளின் மெல்லிய டயர் இடையில் இறங்கி, ஓட்டுபவர் தலைகீழாக விழுவார்.

மாரியில் மறுபடியும்

எங்கள் பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றுடன் நவம்பர் முதல் ஜனவரி வரையில் பெய்கிறது. ஆகவே கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் வரைந்த எந்த வழியையும் மாரியில் ஒரு முறை நடந்து பார்க்கும்வரை முடிவென்று கொள்ளாதீர்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் தங்கள் வாசலில் நீர் எவ்வளவு நின்றது என்று வீடு வீடாகக் கேளுங்கள். அநேகர் படிக்கட்டையோ சுவரையோ தொட்டுக் காட்டுவார்கள். அந்தத் தொடுகைகளை வரைபடத்தில் இலக்கமாக எழுதினால், பொறியியலாளர் வந்து மட்டம் பார்ப்பதற்கு முன்னரே, எந்த ஒழுங்கை மேடு, எது பள்ளம் என்பது துலங்கிவிடும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டி விடும்வரை வாவி மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், வாவிப் பக்க வால்களை முடிவதைவிடக் கடற்பக்க வால்களை முடிவது பல கிராமங்களில் புத்திசாலித்தனம். அங்கே மணல் மேடு நீரை உறிஞ்சிவிடும்.

பள்ளத்தில் வழியை உயர்த்தினால், உயர்ந்த வழி அணைக்கட்டாகி நீரைப் பக்கத்து வளவுகளுக்குள் திருப்பும். எனவே எங்கே உயர்த்துகிறீர்களோ அங்கே குறுக்கே குழாய் மதகு வைக்கவேண்டும். மதகுக்குப் பணமில்லையென்றால், உயர்த்தாமல் விட்டுவிட்டு, மாரியில் மட்டும் சுற்றிப்போகும் மாற்று வழியைக் குறித்துவைப்பதே நல்லது.

கடற்பக்க வழிகளுக்கு இன்னுமொரு கடமை உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது இக்கரையில் ஓடியவர்கள் கடலுக்கு முதுகு காட்டி மேற்கே ஓடினார்கள். ஓடி வந்த ஒழுங்கை பிரதான வீதிக்கு நேராகத் திறந்திருந்ததா, மதிலில் முட்டி நின்றதா என்பது அன்று பெரிய விடயமாக இருந்தது. ஆகவே சமாந்தர வழி எங்கே வளைந்தாலும், ஒவ்வொரு ஒழுங்கையும் கிழக்கிலிருந்து மேற்குக்குத் தடையின்றித் திறந்திருக்கிறதா என்பதைத் தனியாகச் சரிபாருங்கள்.

பிரதான வீதியைக் கடக்குமிடம்

ஒழுங்கைகளை எவ்வளவு நன்றாக முடிந்தாலும், பாடசாலை ஒரு பக்கமும் வீடு மறுபக்கமும் இருந்தால் ஏ4 வீதியைக் கடந்தே ஆகவேண்டும். இதற்கு ஒரு சிறு கணக்குத் தெரிந்திருப்பது நல்லது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர் கடக்கிறது. 7 மீற்றர் அகலமான வீதியைச் செக்கனுக்கு 1.2 மீற்றர் வீதம் நடந்து கடக்க 6 செக்கன் ஆகும். அதற்குள் வாகனம் 80 மீற்றருக்கு மேல் வந்துவிடும். ஊன்றுகோலுடன் நடக்கும் முதியவருக்கு 9 செக்கன் தேவையென்றால், இரு பக்கமும் ஏறக்குறைய 125 மீற்றராவது கண்ணுக்குத் தெரியவேண்டும். ஆகவே கடக்குமிடத்தைத் தேர்வதற்கு முன்னர் ஒருவர் வீதியோரம் நிற்க, மற்றொருவர் நாடாவைப் பிடித்து 125 மீற்றர் போய்க் கையை உயர்த்தட்டும். நிற்பவரின் கண்ணுக்கு அந்தக் கை தெரியாவிட்டால் வளைவோ விளம்பரப் பலகையோ நிறுத்திவைத்த முச்சக்கர வண்டியோ மறைக்கிறது. மறைக்கும் பலகையை அகற்றுவதற்கு ஒரு கடிதம் போதும். வளைவை அகற்ற முடியாது, எனவே இடத்தை மாற்றுங்கள்.

பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே கடக்குமிடம் வைக்கவேண்டாம். பஸ்ஸின் பின்னால் கடக்குமாறு, கடக்குமிடத்தைத் தாண்டி முன்னால் பஸ் நிற்க ஏற்பாடாக இருந்தால் பிள்ளைகளை ஓட்டுநர்கள் காண்பார்கள். பஸ்ஸின் மூக்கடியில் ஓடிக் கடக்கிற பிள்ளையை முந்திச் செல்லும் வாகனம் காணாது.

அகலம், மேற்பரப்பு, நிழல்

சக்கர நாற்காலி தடையின்றிப் போக 90 சென்ரிமீற்றர் வேண்டும். இருவர் பக்கத்துப் பக்கமாக நடக்க ஒன்றரை மீற்றரும், இரண்டு சயிக்கிள்கள் எதிரெதிரே ஒதுங்காமல் போக 2 மீற்றருக்குக் குறையாமலும் வேண்டும். சாய்வு வைக்க நேர்ந்தால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கை விடவேண்டாம். நான்கு மீற்றர் அகலத்துக்குக் கொங்கிறீற்று வந்துவிட்டால் அது முச்சக்கர வண்டிகளின் குறுக்கு வழியாகிவிடும். ஆகவே முடிச்சு இடங்களில் மட்டும் 1.2 மீற்றர் இடைவெளி விட்டுக் கம்பங்கள் நடுங்கள். சயிக்கிளும் சக்கர நாற்காலியும் போகும், முச்சக்கர வண்டி போகாது. நடுக்கம்பம் பூட்டுத் திறந்து கழற்றக்கூடியதாக இருக்கட்டும். அவசரத்துக்கு அம்புலன்ஸ் வரவேண்டும், மரண வீட்டுக்கு வாகனம் வரவேண்டும். திறப்பு யாரிடம் என்பதைக் கம்பத்திலேயே எழுதிவையுங்கள்.

நிழலைப் பற்றிப் பேசாத வழித்திட்டம் எங்கள் வெயிலில் பயனற்றது. ஆடியில் கதிர்காமத்துக்கு மண்டூர், திருக்கோவில், உகந்தை வழியாக நடந்து போகிற யாத்திரிகர்கள் எந்தெந்த மரத்தடியில் மூட்டையை இறக்குகிறார்கள் என்று பாருங்கள். நிழலும் நீரும் ஒருங்கே கிடைக்கும் இடங்களை அவர்களைப்போல வேறு யாரும் அறியமாட்டார்கள். புதிதாக நடுவதென்றால் வேம்பும் பூவரசும் மணலைத் தாங்கும். பூவரசைக் கிளையாகவே நட்டுவிடலாம். தென்னையை வழியோரம் நடவேண்டாம். அதன் நிழல் அற்பம், தேங்காய் விழுந்தால் பொல்லாது. ஆடும் மாடும் எட்டாத கூடு கட்டாமல் நட்டால், நட்டதாகப் படம் மட்டும் மிஞ்சும்.

படுவான்கரைக்குப் போகிறவர்கள்

எழுவான்கரையையும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையையும் இணைத்து வழி வகுக்க நினைப்பவர்கள், பாலத்தோடு நிறுத்திவிடவேண்டாம். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை அங்கே சயிக்கிளையும் ஏற்றிக்கொண்டு போனது "பாதை"தான். மிதவைப் படகையே நாங்கள் பாதை என்கிறோம் என்பது வெளியூராருக்குச் சற்று விளங்காது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கான பாதையும் சயிக்கிளோட்டிகளுக்குப் பழகிய துறை. துறைக்கு இறங்கும் சாய்வு, காத்திருக்க நிழல் ஆகிய இரண்டையும் உங்கள் வரைபடத்தில் சேருங்கள். அக்கரையில் வயல்வெளியும் காட்டோரமுமாக, வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கங்களில் யானை வரும் இடங்கள் உண்டு. அங்கே வகுக்கும் வழிகளைப் பகல் வழி என்றே எழுதுங்கள். மம்மல் பொழுதுக்குப் பின்னர் பாதுகாப்பு என்று எந்தக் குழுவும் வாக்குக் கொடுக்கக்கூடாது.

யாரிடம் கேட்பது

"ஏ", "பி" வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், "சி", "டி" வகுப்பு வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ மாநகர சபைக்கோ உரியவை. இது தெரியாமல் ஒழுங்கை மதகுக்காக அதிகார சபைக்கு எழுதினால், கடிதம் மாதக்கணக்கில் சுற்றி, தொடங்கின இடத்துக்கே வரும். கடற்பக்கமாக எதையாவது கட்டுவதென்றால், கரையோர வலயம் உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை விரிகிறது என்பதையும், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கரையோரப் பாதுகாப்பு மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படலாம் என்பதையும் முன்கூட்டியே கவனியுங்கள். வாவியோரத்தில் கண்ணா எனும் கண்டல் மரங்களை வெட்டி வழி எடுக்கும் யோசனையை ஆரம்பத்திலேயே கைவிடுங்கள். அந்த மரம்தான் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கடிதத்தோடு மூன்று இணைப்புகள் போதும்: எண்ணிய கணக்கு ஒரு பக்கம், வரைபடம் ஒரு பக்கம், பழுதான இடங்களின் அளவும் படமும் ஒரு பக்கம். பக்கம் கூடக்கூட வாசிக்கப்படுவது குறையும்.

சுண்ணாம்புக் கோடு

சீமெந்து போடுவதற்கு முன்னர் ஒரு கிழமை ஒத்திகை பாருங்கள். சுண்ணாம்புத் தூளால் வழியின் இரு ஓரத்தையும் கோடிட்டு, கம்பம் நடவேண்டிய இடங்களில் மண் நிரப்பிய பழைய டயர்களை வைத்து, முடிச்சுக் கடப்புகளைத் திறந்துவிடுங்கள். முதல் நாள் பிள்ளைகள் வேடிக்கைக்காகப் போவார்கள். அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். ஐந்தாம் நாள் காலையில், முதலில் எண்ணிய அதே இடத்தில் அதே கொப்பியுடன் மறுபடியும் உட்காருங்கள். பிரதான வீதியோரம் போன பிள்ளைகளில் எத்தனை பேர் உள்ளே திரும்பியிருக்கிறார்கள் என்பது ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். திரும்பாதவர்களில் இரண்டு பேரை நிறுத்தி ஏன் என்று கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில், "அந்தப் பக்கத்தால போனா அப்பம் விக்கிற அம்மாட கடை இல்ல" என்பது. அடுத்த நாள் அந்த அம்மாவிடம் போய், அவருடைய மேசையை ஒழுங்கை வாய்க்குள் பத்தடி தள்ளிப் போடச் சம்மதமா என்று கேட்டோம்.